கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நம்மிடம் ஆதாரம் இல்லாத பறவைகள்: சேர்ந்து தேடுவோமா?

ஏரிக்கரை | ஆகஸ்ட் 24

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததுமே தொடங்கியிருக்க வேண்டிய இழை இது. பள்ளி வேலையில் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

நம் மாவட்டத்துக்கு வயது குறைவு. 1993 வரை தென்னாற்காடு, அப்புறம் விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்துதான் கள்ளக்குறிச்சி. பிரிக்கும்போது வருவாய்த் துறைக் கோப்புகளைப் பிரித்தார்கள். பறவைக் குறிப்புகளை யார் பிரிப்பது? 'தென்னாற்காடு, ஏரி ஓரம்' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் அது வீராணமா, சின்னசேலம் ஏரியா என்று எப்படிச் சொல்வது?

அதனால் பழையதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, இன்றைய மாவட்ட எல்லைக்குள் நம் குழு எடுத்த படமும் குரல் பதிவும் மட்டும் என்று ஒரு கோப்பு போட்டேன். பிறகு சுற்றியுள்ள மாவட்டங்களின் பட்டியல்களை வைத்துக்கொண்டு, 'இது இங்கேயும் இருக்க வேண்டுமே, நம்மிடம் ஏன் இல்லை' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். 14 பெயர்கள் மிஞ்சின.

கொம்பன் ஆந்தை, பொரிப்புள்ளி ஆந்தை, பக்கி என்ற இராப்பறவையில் மூன்று வகை, கருநெஞ்சுக் காடை, மூன்றுவிரல் குறுங்காடை, கல்குருவி, மயில் உள்ளான், ஊசிவால் உள்ளான், ஆறுமணிக்குருவி, மஞ்சள்தொண்டைச் சின்னான், மலை உழவாரன், பூனைப்பருந்தில் ஒன்று.

இவை மாவட்டத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறு யாராவது பார்த்திருக்கலாம். நம் கையில் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். ஐந்து இராப்பறவைகள். இரண்டு தரிசுப் புல்லில் பதுங்குபவை. நாம் எல்லோரும் காலை ஆறு மணிக்கு ஏரிக்குப் போய் ஒன்பது மணிக்கு இட்லிக் கடைக்கு வந்துவிடுகிறோம். விடுபட்டவற்றில் பாதி அந்த மூன்று மணி நேரத்துக்கு வெளியே வாழ்பவை.

யார் யார் எந்தப் பக்கம் பார்க்க முடியும் என்று சொல்லுங்கள்.

கோமுகி | ஆகஸ்ட் 24

சார், கோமுகி அணைப் பக்கம் நான் பார்க்கிறேன். கச்சிராயபாளையத்திலிருந்து எனக்கு ஸ்கூட்டியில் பக்கம்தான். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது இருட்டும் நேரத்தில் ரோட்டில் பக்கி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வண்டி வெளிச்சத்தில் கண் சிவப்பாக மினுங்கும், கிட்டே போனதும் எழுந்து போய்விடும். பக்கி என்று எழுதிவிட்டு விட்டுவிடுவேன். மூன்று வகை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

என்னிடம் கேமரா கிடையாது. போனில் குரல் பதிவு செய்தால் ஆதாரமாக ஏற்றுக்கொள்வீர்களா?

ஒலிக்குறிப்பு | ஆகஸ்ட் 25

கோமுகி, பக்கியைப் பொறுத்தவரை போன் பதிவுதான் முதல் ஆதாரம். படம் இரண்டாம் பட்சம். உட்கார்ந்திருக்கும் பக்கியின் படத்தை வைத்து வகை சொல்லப் போய் அனுபவசாலிகளே மாட்டிக்கொள்வார்கள். காய்ந்த இலையும் மண்ணும் ஒன்றாய்ச் சேர்ந்தது மாதிரி எல்லாமே ஒரே நிறம். குரல் அப்படியில்லை.

இந்தியப் பக்கி: பிங்பாங் பந்தைச் சிமெண்டுத் தரையில் விட்டால் 'டக்... டக்.. டக்.டக்.டக்டக்ர்ர்ர்' என்று வேகம் கூடிக்கொண்டே போய் அடங்குமே, அதேதான். ஒரு தடவை கேட்டால் மறக்காது. வயல்வெளி, புதர், ஊர் ஓரம்.

ஜெர்டன் பக்கி: தவளை போல 'ச்வோ... ச்வோ...' என்று ஒரே சீராக. காட்டோரம், மலையடி. கல்வராயன் ஏற்றத்தில் தேட வேண்டும்.

புல்வெளிப் பக்கி: பறந்துகொண்டே 'ட்வீட்ஸ்' என்று கீச்சிடும். பூச்சி என்று நினைத்து விட்டுவிடுவோம். பாறையும் தரிசும் கலந்த இடம்.

பதிவு செய்யும்போது வண்டியை அணைத்துவிட்டு பத்தடி தள்ளி நில்லுங்கள். சூடான எஞ்சின் டிக் டிக் என்று சத்தம் போடும், அது பதிவில் பெரிதாக விழும். போனைக் கையில் பிடிக்காமல் கல் மீது வையுங்கள். குறைந்தது இரண்டு நிமிடம். முடிவில் உங்கள் குரலிலேயே இடம், நேரம், தேதி சொல்லிவிடுங்கள். பிறகு யாரும் சந்தேகப்பட வழியில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பறவையின் குரலைப் போனில் போட்டு வரவழைக்காதீர்கள். இன்னொரு ஆண் தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து அது ராத்திரி முழுக்கச் சண்டைக்கு நிற்கும். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரம் அதில் போய்விடும். காத்திருந்து கிடைத்தால் போதும்.

விழுப்புரத்தான் | ஆகஸ்ட் 27

பிரிந்து போனாலும் உறவு விட்டுப் போகாது என்ற உரிமையில் எழுதுகிறேன். மஞ்சள்தொண்டைச் சின்னானைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, எங்கள் செஞ்சி மலைகள் அதற்குப் பேர்போன இடம்.

உலகத்திலேயே தென்னிந்தியப் பாறை மலைகளில் மட்டும் வாழும் பறவை. அழியும் அபாயத்தில் இருப்பவற்றின் செம்பட்டியலில் இடம்பெற்றது. காடு அடர்ந்த இடத்தில் தேடிப் பிரயோசனமில்லை. யானை யானையாகப் பாறைகள் உருண்டு கிடந்து, இடுக்கில் கல்லத்தியும் முட்புதரும் முளைத்திருக்கும் சரிவுதான் அதன் வீடு. உங்கள் தியாகதுர்கம் மலை அப்படியே செஞ்சியின் தம்பி மாதிரி இருக்கும். அங்கே ஏன் இன்னும் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

ஏமாறும் இடம்: வெண்புருவச் சின்னான். அதுவும் மங்கலான பச்சை, அதற்கும் அடிவால் மஞ்சள், அதே புதரில் அதுவும் இருக்கும். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருந்தால் இது அதில்லை. நம் பறவைக்குத் தலையும் தொண்டையும் பளிச்சென்று மஞ்சள் பூசியது போல இருக்கும், வால் நுனியிலும் மஞ்சள். பாதி மறைந்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் என் முதல் இரண்டு வருடப் பதிவுகளைப் பின்னால் அழித்திருக்கிறேன்.

பெண்ணையாறு | ஆகஸ்ட் 30

திருக்கோவிலூரிலிருந்து எழுதுகிறேன். அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பறவை பார்க்கத் தொடங்கி நான்கு வருடம்தான் ஆகிறது, ஆனால் இந்த ஊரில் 68 வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

வாத்தியார் போட்ட பட்டியலில் எனக்கு ஒரு குறை. 'விடுபட்டவை' என்றால் இன்னும் பார்க்காதவை மட்டும்தானா? இருந்து போனவை எந்தக் கணக்கில் வரும்?

நான் சிறுவனாக இருந்தபோது மாடு செத்தால் ஆற்றோரம் கொண்டுபோய்ப் போடுவார்கள். மறுநாள் காலையில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வந்து இறங்கியிருக்கும். கபிலர் குன்றுப் பக்கம் மணல் திட்டில் வரிசையாக இறக்கையை விரித்து வெயில் காய்வதைப் பார்த்திருக்கிறேன். மொட்டைக் கழுத்தும், இறக்கை விரித்தால் ஓர் ஆள் நீளமும். எங்கள் அம்மா அந்தப் பக்கம் போகாதே என்று திட்டுவார். எப்போது வராமல் போயின என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் நினைத்துப் பார்த்தபோது பல வருடமாகப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

அதேபோல் காடை. சந்தைக்கு வலை போட்டுப் பிடித்த காடையைக் கூடையில் கொண்டுவருவார்கள். பிடிப்பவர்கள் வாயாலேயே கூப்பிடுவார்கள், காடை நடந்து வந்து வலையில் விழும். இன்றைக்கு அது குற்றம், குற்றமாகவே இருக்கட்டும். ஆனால் அவர்களில் ஒருவர் இன்னும் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல். எந்த நிலத்தில் எந்தக் காடை என்று அவருக்குத் தெரிந்தது நம் யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்கலாமா?

ஏரிக்கரை | ஆகஸ்ட் 30

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

நீங்கள் சொல்வது சரி. கோப்பில் இன்னொரு பக்கம் திறந்துவிட்டேன், பெயர் 'நினைவில் இருப்பவை'. யார் பார்த்தது, எந்த வயதில், எந்த இடத்தில், எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, எப்படி உட்கார்ந்திருந்தது என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதலாம். ஆதாரப் பட்டியலோடு கலக்க வேண்டாம். பாறு என்று மட்டும் எழுதுவோம், எந்த வகைப் பாறு என்று நாமாக ஊகிக்க வேண்டாம்.

டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கொடுத்த மாட்டின் இறைச்சியைத் தின்று சிறுநீரகம் கெட்டு அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006ல் தடை செய்தார்கள். நம் மாநிலத்தில் இன்று பாறு பார்க்க வேண்டுமென்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். பெண்ணையாற்று மணலில் அவை வெயில் காய்ந்தன என்பதை எழுதி வைக்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

காடை பிடித்த பெரியவரைக் கட்டாயம் பாருங்கள். நானும் வருகிறேன்.

சேலம் மேற்கு | செப்டம்பர் 3

'நினைவில் இருப்பவை' பக்கத்துக்கு ஒரு பழைய துணை. 1929-30ல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு நடந்தது. சேர்வராயனிலும் சித்தேரி மலையிலும் பறவைகளைச் சேகரித்தார்கள். விஸ்லரும் கின்னியரும் அதைத் தொடர் கட்டுரைகளாகக் கழகத்தின் இதழில் எழுதினார்கள். சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. சித்தேரியில் அன்று கிடைத்தது கல்வராயனில் இன்று இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல வேலை.

இன்னொரு கேள்வி. கல்வராயன் மலை பாதி எங்களுடையது, பாதி உங்களுடையது. நான் சேலம் எல்லையில் நின்று, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் மாவட்டத்து மரத்தில் கூவும் பறவையைக் கேட்டால் யார் கணக்கு?

ஒலிக்குறிப்பு | செப்டம்பர் 3

பறவைப் பட்டியல்களை ஏற்றும் இபேர்ட் இணையதளத்தின் முறைப்படி பார்ப்பவர் நிற்கும் இடம்தான் கணக்கு. அதனால் உங்கள் கணக்கு. நம் கோப்பிலும் அதையே வைத்துக்கொள்வோம். எல்லைக்கு இப்பக்கம் வந்து நின்று ஒரு தடவை கேட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உளுந்தூர்க்காரன் | செப்டம்பர் 19

நல்ல செய்தி! பூனைப்பருந்து, பெண். பறக்கும்போது இடுப்பில் வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிகிறது. நான்கு படம் கோப்பில் போட்டிருக்கிறேன். உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே மானாவாரிக் காடு. ஒரு கட்டம் நிரம்பியது என்று நினைக்கிறேன்.

விழுப்புரத்தான் | செப்டம்பர் 19

தம்பி, படம் அருமை. கழுத்தில் வெளிர் வளையம் தெரிகிறது, அதனால் வெளிர் பூனைப்பருந்து பக்கம் சாய்கிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. செப்டம்பர் நடுவில் பூனைப்பருந்து இங்கே வந்து சேர்வது கொஞ்சம் சீக்கிரம். படம் எடுத்த தேதியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

உளுந்தூர்க்காரன் | செப்டம்பர் 20

அண்ணா, மன்னிக்கவும். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ராத்திரி மெமரி கார்டை மறுபடி பார்த்தேன். இந்தப் படங்கள் போன பிப்ரவரியில் எடுத்தவை, இடமும் பெரம்பலூர் மாவட்டத்துக்குள். இந்த மாதம் உளுந்தூர்பேட்டையில் நான் பார்த்ததும் பூனைப்பருந்து போலத்தான் இருந்தது, தூரத்தில். படம் கிடைக்கவில்லை. அதுவும் இதுவும் ஒன்றுதான், ஒரு கட்டம் நிரம்பட்டுமே என்று பழைய படத்தைப் போட்டுவிட்டேன். போடும்போதே மனசு கேட்கவில்லை. நான்கு படத்தையும் எடுத்துவிட்டேன்.

ஏரிக்கரை | செப்டம்பர் 20

தம்பி, நீங்களே சொன்னீர்கள், அது போதும். இனி இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்து நாளைக்கு ஒருவர் தேடிப் போவார். தவறாக நிரப்பிய கட்டத்தைப் பார்த்து யாரும் தேட மாட்டார்கள். இருபது வருடம் கழித்து இந்த மானாவாரி நிலமெல்லாம் மனையாகிவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று கேட்பவருக்கு நம் கோப்புதான் பதில். அதில் பொய் ஒன்று இருந்தால் மற்ற உண்மைகளையும் அவர் நம்ப மாட்டார்.

தூரத்தில் பார்த்ததை 'பூனைப்பருந்து, வகை தெரியவில்லை' என்று போடுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

வெள்ளிமலை | அக்டோபர் 2

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். கல்லூரி இரண்டாம் வருடம். இந்த இழையைக் கோமுகி அக்கா அனுப்பினார்.

ஒலிக்குறிப்பு சார் எழுதியிருந்த மூன்று குரலையும் எங்கள் அப்பாவிடம் வாயால் செய்து காட்டினேன். பந்து குதிப்பது மாதிரி என்றதும், 'அது கீழ் நாட்டுல கத்தும், இங்க இல்ல' என்றார். தவளை மாதிரி என்றதும் சிரித்துவிட்டார். 'அது சாமைக் காட்டுக்கு மேல தினம் கத்துதே' என்றார்.

அன்றைக்கே சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். எங்கள் நிலத்துக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. பகல் வெயிலில் சுட்டது ராத்திரி எட்டு மணிக்கும் கதகதப்பாக இருந்தது. அதில் உட்கார்ந்தோம். நிலா இல்லை. கடுக்காய் மரத்துப் பக்கமிருந்து 'ச்வோ' என்று ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்பா என் முட்டியில் தட்டினார். போனைப் பாறையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். ஏழு நிமிடம். நடுவில் ஊர் நாய் குரைக்கிறது, அப்பா ஒருமுறை இருமுகிறார், மற்றபடி தெளிவாக இருக்கிறது. கடைசியில் அது எங்கள் தலைக்கு மேலேயே பறந்து போனது. இறக்கைச் சத்தம் துளியும் இல்லை, இருட்டு நகர்ந்த மாதிரி இருந்தது.

பதிவைக் கோப்பில் போட்டிருக்கிறேன். முடிவில் இடம், தேதி சொல்வது அப்பா குரல்.

ஒலிக்குறிப்பு | அக்டோபர் 2

ஜெர்டன் பக்கி. சந்தேகமே இல்லை. ஒலிவரைபடமாகவும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

தம்பி, பதிவு செய்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இந்தப் பறவையைப் பல வருடமாகத் தெரியும். விடுபட்டிருந்தது நம் பட்டியலில் மட்டும்தான்.

கோமுகி | அக்டோபர் 5

அணைக் கரையில் பந்து குதிக்கும் குரல் மூன்று நாளாக! மூன்று பதிவும் போட்டுவிட்டேன். என்னோடு எங்கள் தெரு அக்காவும் வந்தார், தனியாக இருட்டில் நிற்க வீட்டில் விட மாட்டார்கள். பெண்கள் இராப்பறவை பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேராவது சேர்ந்து போக ஏற்பாடு செய்ய வேண்டும். என் பதிவுகளில் இரவு காலியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏரிக்கரை | அக்டோபர் 18

ஆறுமணிக்குருவி.

நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை, முந்தின இரவு நல்ல மழை. பள்ளி வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் ஒரு பையன் தன் சட்டையைக் கழற்றி எதையோ மூடி வைத்திருக்கிறான். 'சார், பச்சைக்கிளி சார், வால் இல்லாத கிளி.'

விலக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு. முதுகு பச்சை, தோளில் ஒரு துண்டு நீலம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டிய கறுப்புப் பட்டை. வால் உண்மையிலேயே இல்லாத மாதிரிதான். ராத்திரி வலசையில் பறந்து வந்து வெளிச்சத்தில் தடுமாறி கண்ணாடி ஜன்னலில் மோதியிருக்க வேண்டும். இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு நம் பக்கமும் இலங்கைக்கும் குளிர்காலத்துக்கு வருவது. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

காற்றோட்டம் உள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, அலுவலக அறையின் இருட்டு மூலையில் விட்டோம். தண்ணீர் ஊட்டவில்லை, தொடவில்லை. அன்று முதல் பிரிவேளையில் நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் இருந்தார்கள். பத்தரை மணிக்குப் பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டது. பள்ளிக்குப் பின்னால் வேலிப் புதருக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தோம். இரண்டு தாவல், உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மட்டும் காத்திருந்தேன். 'வீட்-ட்யூ' என்று இரண்டு தரம் கூவியது. படம், குரல் இரண்டும் கோப்பில். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அந்தப் பையன்.

பெண்ணையாறு | அக்டோபர் 26

காடை பிடித்த பெரியவரை வாத்தியாரோடு போய்ப் பார்த்தேன். முதலில் பேச மறுத்தார், வனத்துறையிலிருந்து வந்திருக்கிறோம் என்று பயம். ஒரு டீ குடித்த பிறகு சரியானார்.

இரண்டு சத்தம் செய்து காட்டினார். பல்லே இல்லாத வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை. ஒன்று 'விட்-விட்' என்று இரட்டைச் சொடுக்கு. 'இது மழைக்கு வர்றது, நெஞ்சு கறுப்பு.' இன்னொன்று மூன்று தட்டாக. 'இது பனிக்கு வர்றது, பெருசு.' கருநெஞ்சுக் காடையும் வலசை வரும் காடையும் எப்படிப் பிரியும் என்று வாத்தியார் எனக்கு முந்தின வாரம் சொல்லிக்கொடுத்தது அப்படியே இதுதான்.

குறுங்காடை பற்றிக் கேட்டதும் கையை நீட்டி மூன்று விரலை மடக்காமல் காட்டினார். 'அதுக்குப் பின்விரல் கிடையாது. பொட்டைதான் கத்தும். ஆம்பளை அடைகாக்கும்.' அறிவியலும் அதைத்தான் சொல்கிறது என்று வாத்தியார் சொன்னபோது பெரியவர், 'வேற எப்படிச் சொல்லும்?' என்று கேட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் சொன்ன வரகுத் தரிசில் நின்றோம். இரட்டைச் சொடுக்கு நான்கு இடத்திலிருந்து. பதிவு கோப்பில். பறவையைக் கண்ணால் பார்க்கவில்லை. புல்லைக் கலைத்து விரட்டிப் பார்க்க வாத்தியார் விடவில்லை, எனக்கும் அது சரியென்றே பட்டது.

விழுப்புரத்தான் | நவம்பர் 23

தியாகதுர்கம். நேற்று நானும் கோமுகியும் அவர் தெரு அக்காவும் உளுந்தூர்த் தம்பியும்.

சின்னானைத் தேடித்தான் போனோம். மூன்றாவது முறையாக அது இல்லை. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வெண்புருவச் சின்னான் மட்டும். இறங்கலாம் என்று எழுந்தபோது கோமுகி ஒரு பாறை இடுக்கின் கீழே குனிந்து எதையோ எடுத்தார். கட்டைவிரல் நீளத்தில் சாம்பல் நிற உருண்டை. உடைத்தால் உள்ளே மயிர், அதற்குள் ஒரு எலி மண்டையோடு முழுசாக, மஞ்சள் முன்பல் இரண்டும் அப்படியே. பக்கத்தில் அதைப்போல் இன்னும் ஏழெட்டு. இரையில் செரிக்காததை ஆந்தை கக்கிப் போட்டவை.

யாரும் பேசவில்லை. அறுபதடி பின்னால் போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்தோம். ஆறேகால் மணிக்கு மேலே விளிம்பில் ஒரு கல் திரும்பியது. இரண்டு கொம்பு. கூவுவதற்கு முன் தொண்டையில் வெள்ளையாக ஒரு பட்டை உப்பி விரிந்தது, பிறகுதான் சத்தம் வந்தது: 'பூ... போஓ'. ஆழமான குரல், காதை விட நெஞ்சில்தான் முதலில் கேட்கிறது. எதிர்ப் பாறையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. கொம்பன் ஆந்தை ஜோடி.

படம் எடுத்தது உளுந்தூர்த் தம்பி. ஆரஞ்சுக் கண் உட்பட எல்லாம் இருக்கிறது. எடுத்ததும் தேதி, இடம் எல்லாவற்றையும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் கேமராவை மூடினார்.

கோமுகி | நவம்பர் 23

சார், ஒரு விஷயம். இது அவை கூடு வைக்கும் காலம். தரையில், பாறைத் திட்டில்தான் முட்டையிடும். எந்தப் பாறை என்று எங்கேயும் எழுத வேண்டாம். ஆந்தை அலறினால் சாவு என்று கல்லெறிபவர்கள் இருக்கிறார்கள், மாந்திரீகத்துக்கு என்று பிடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். படத்தில் பின்னால் கோட்டைச் சுவர் தெரிகிறது, அதை வெட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

சேலம் மேற்கு | நவம்பர் 24

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. இடம் சொல்லாத பதிவால் யாருக்குப் பயன்? நாளைக்கு அந்த மலையில் கல்குவாரி என்று வந்தால் 'இங்கே ஆந்தை இருக்கிறது' என்று எதைக் காட்டுவீர்கள்?

ஏரிக்கரை | நவம்பர் 24

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால் இப்படிச் செய்வோம். சரியான புள்ளி, தேதி, முழுப் படம் எல்லாம் கோப்பின் உள்பக்கத்தில், மூன்று பேர் மட்டும் பார்க்கும்படி. வனத்துறை அலுவலரிடம் நான் நேரில் கொடுத்துவிடுகிறேன். பொதுவில் 'தியாகதுர்கம் வட்டாரம்' என்பதோடு சரி. மார்ச் வரை நம்மில் யாரும் அந்த இடுக்குக்கு மறுபடி போகக் கூடாது. நானும் போகமாட்டேன், பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

சின்னான் கிடைக்காத மூன்று நாளின் முழுப் பட்டியலையும் தயவுசெய்து ஏற்றுங்கள், எத்தனை மணி நேரம், எந்தப் பாதை என்பதோடு. 2015 முதல் 2020 வரை கேரளத்தில் மாநிலம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துப் பறவை வரைபடம் போட்டார்களே, அதன் பலம் இதுதான். நல்ல இடம் என்று தேர்ந்தெடுத்துப் போகவில்லை. கட்டம் ரப்பர்த் தோட்டத்தில் விழுந்தால் ரப்பர்த் தோட்டத்துக்கே போய், இருந்ததை எழுதினார்கள். அதனால்தான் இல்லாததையும் அவர்களால் சொல்ல முடிந்தது. நாம் தேடினோம், இல்லை என்பது ஒரு தகவல். தேடவே இல்லை என்பது தகவலே இல்லை.

உளுந்தூர்க்காரன் | டிசம்பர் 29

வெளிர் பூனைப்பருந்து, ஆண். இந்த முறை ஜிபிஎஸ் பதிவு, மைல்கல் தெரியும் படம், முழுப் பட்டியல் எல்லாம் சேர்த்து. அறுத்த மக்காச்சோளக் காட்டுக்கு மேல் இரண்டு முறை வட்டமடித்தது. விழுப்புரம் அண்ணா பார்த்துச் சொல்லுங்கள்.

விழுப்புரத்தான் | டிசம்பர் 29

பார்த்தேன். சரி. மிகவும் சரி. இறக்கை நுனியில் கறுப்பு ஆப்பு மாதிரி, அவ்வளவு தெளிவான படம்.

வெள்ளிமலை | ஜனவரி 8

மலை உழவாரன் மேகம் அருவிக்கு மேல், வெள்ளை வயிறு தெரியும் படி மூன்று படம். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கித்தான் போனோம்.

சின்னானுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு இடம் தோன்றுகிறது. கரியாலூர் இறக்கத்தில் வலதுபுறம் பாறைச் சரிவு, நிறையக் கல்லத்தி. இப்போது பழம் பிடித்திருக்கிறது. அப்பா, 'மஞ்சக் கழுத்து ஒண்ணு வரும்' என்கிறார். எனக்கு இன்னும் நிச்சயமில்லை, அதனால் கோப்பில் எதுவும் போடவில்லை.

ஏரிக்கரை | ஜனவரி 9

14ல் ஏழு முடிந்தது. மீதி: பொரிப்புள்ளி ஆந்தை, புல்வெளிப் பக்கி, குறுங்காடை, கல்குருவி, மயில் உள்ளான், ஊசிவால் உள்ளான், மஞ்சள்தொண்டைச் சின்னான். ஊசிவால் உள்ளானுக்கு வால் விரிந்த படம் இல்லாமல் யாரும் பெயர் போடாதீர்கள்.

பெண்ணையாறு ஐயாவின் பாறுக் குறிப்பு 'நினைவில் இருப்பவை'யில் முதல் பக்கம். காடைப் பெரியவர் சொன்னவை இரண்டாம் பக்கம்.

பொங்கல் கணக்கெடுப்பின் முதல் நாள் எல்லோரும் கரியாலூர். கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் காலை 4.45க்கு நிற்கிறேன், வேனில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. வெள்ளிமலைத் தம்பி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணையாறு | ஜனவரி 9

ஒரு இடம் எனக்கு.